கரும்பு என்னை உருவிய கதை

ஓடுகிற டிராக்டரோடு தன் கையைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு போகிற சாலை எங்கள் தெரு முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அரவை தொடங்கிவிட்டால் பையன்களுக்குத் திருவிழா. பாரவண்டியின் பின்னால் ஓடி, நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கரும்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட வேண்டும். இழுக்கிற வேலையை டிராக்டர் பார்த்துக்கொள்ளும். வண்டி போய்விடும், கரும்பு கையில் நிற்கும். தெருவில் எல்லோருக்கும் வந்த இந்த வித்தை எனக்கு மட்டும் வரவில்லை. என் கையில் கரும்பு எப்போதும் வழுக்கும். மற்றவன் தின்று துப்பிய சக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை.

ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மூளை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இதற்கு வழி கண்டுபிடித்தது. மாமாவின் துண்டை எடுத்து ஒரு முனையை வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். சாலைப் பள்ளத்தில் வண்டி தவழ்ந்தபோது மறுமுனையைக் கரும்பின் கணுவில் சுருக்குப் போட்டேன். இனி எப்படி வழுக்கும்? வழுக்கவில்லைதான். ஆனால் அந்தக் கரும்பு பாரத்தோடு பாரமாக இறுகிக் கிடந்தது. அது வரவில்லை, நான் போனேன்.

பையன்கள் போட்ட கூச்சலில் வண்டி நின்றபோது நான் தரையில் கிடந்தேன், கை எனக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், கடவுள் மூட்டு வைக்காத இடத்தில், எனக்கு ஒரு மூட்டு முளைத்திருந்தது. டிரைவர் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டார். “கேட்டா ஒரு கரும்பு குடுத்துருக்க மாட்டனாடா, பாவிப் பயலே!”

கேட்கலாம் என்பது எங்களில் யாருக்குமே தோன்றியதில்லை.

அப்பா வெளியூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த காலம். வீட்டில் ஆம்பளை என்றால் அம்மாவின் தம்பியான மாமாதான். எலும்பு விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. “ஆஸ்பத்திரிக்குப் போனா ஆணி அடிச்சு அனுப்புவான். கட்டுதான் சரி.” டிவிஎஸ் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டுப் போடுகிறவர் முன்னால் உட்கார வைத்தார். அந்த மனிதர் நிதானமானவர். கையை இழுத்து நேராக்கி, மூங்கில் பத்தையை வைத்து, முட்டை வெள்ளையிலும் உளுந்து மாவிலும் நனைத்த துணியைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே மாமாவிடம் ஏதேதோ சொன்னார். மாமாவோ அங்கே உட்கார்ந்திருந்த இன்னொருவரிடம் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். நான் அலறிக்கொண்டிருந்ததால் எனக்கும் எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் கட்டு காய்ந்து கல்லாகியிருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் பூவம்பழம் மாதிரி தடித்திருந்தன. வலியில் உயிர் போனது. “ஆம்பளப் புள்ள அழுவலாமா? அதெல்லாம் எலும்பு கூடுற வலிடா. கட்ட மட்டும் பிரிக்கப்படாது, பிரிச்சா கோணிக்கும்,” என்றார் மாமா.

மத்தியானத்துக்குள் வலி நின்றுவிட்டது. மாமா மகா வைத்தியர் என்று நினைத்தேன். கிள்ளினால் தெரியவில்லை. குத்தினாலும் தெரியவில்லை. விடுவேனா? தெருப் பையன்களைக் கூப்பிட்டு, கருவேல முள்ளைக் கொடுத்து, “எங்க வேணா குத்துங்கடா,” என்றேன். அவர்கள் குத்தினார்கள், நான் சிரித்தேன். கரும்பு உருவத் தெரியாதவனுக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் மரியாதை அது.

அம்மா வயலுக்குப் போயிருந்ததால் எனக்குச் சோறு ஊட்டுகிற வேலை அக்கா தலையில் விழுந்தது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டதைவிடக் கிள்ளிக்கொண்டதுதான் அதிகம். தட்டோடு வந்தவள் என் விரல்களைத் தற்செயலாகத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

“ஏன்டா இப்புடி சில்லுனு இருக்கு? வெரல ஆட்டு.”

“ஆட்டுறேன்.”

“எங்கடா ஆட்டுற?”

நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். விரல்கள்தான் ஆடவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அக்கா என் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த இடம் சிவக்காமல் வெளுத்தே நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையிலிருந்து பிளேடை எடுத்தாள்.

“ஏய், அதுல கைய வச்ச, தோல உரிச்சுப்புடுவேன்!” என்று மாமா ஓடி வந்தார்.

“உரிச்சுக்கங்க மாமா,” என்றபடி அறுக்க ஆரம்பித்தாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, பிளேடு நிற்கவில்லை.

கடைசிச் சுற்று விட்டதும் வலி திரும்பி வந்தது. முதல் நாள் வலி அதற்குத் தம்பி. கை முழுக்க நெருப்பு. எத்தனையோ நாள் சண்டைக்கு மொத்தமாகப் பழி தீர்க்கிறாள் என்றே நினைத்தேன். எட்டி அவள் தோளைக் கடித்தேன். கடித்த வாயை அவள் தள்ளிவிடவில்லை. அட்டையில் என் கையை வைத்துத் தாவணித் துணியால் தாங்கிக்கொண்டு, “வண்டிய எடுங்க மாமா,” என்றாள். துணி பதிந்த தடத்தையும் கொப்புளத்தையும் பார்த்துவிட்ட மாமா மறுபேச்சுப் பேசாமல் எடுத்தார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக ஆட்டச் சொன்னார். சுண்டுவிரல் கொஞ்சமாக அசைந்தது. அப்புறம்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எலும்பு ஒடைஞ்சா கை வீங்கத்தான் செய்யும். வீங்க எடம் விடாம கட்டுனா ரத்தம் எப்படிப் போகும்? வலி நின்னா ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லங்க, கை சாவுதுன்னு அர்த்தம். பொழுது சாயிற வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா வெரல் சுருங்கினது சுருங்கினதுதான். வெரல் வீங்குனா வரச்சொல்லி கட்டுப் போட்டவரு சொல்லலியா?”

மாமா மின்விசிறியைப் பார்த்தார். “சொன்னாருங்க. நாந்தான் ஏதோ பேச்சு நெனப்புல…”

மாவுக்கட்டு அவிழ்ந்து கை நேரானதும் வீட்டில் நன்றி பங்கு போடப்பட்டது. சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு. டாக்டரம்மாவுக்கு ஒரு பை வேர்க்கடலை. வெயிலில் வண்டி ஓட்டிய மாமாவுக்குக் கோழிக்குழம்பு. அக்காவுக்கு எதுவும் வரவில்லை. பங்கு போட்டபோது அவள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என் வலது கை பேனா பிடிக்கிறது, என் மகளைத் தூக்குகிறது, மோர் சாதத்தை வழித்து நக்கவும் உதவுகிறது. இதில் எந்த வேலையைச் செய்தாலும் அந்தக் குழாயடிக்குத்தான் என் கும்பிடு போகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் திரும்பத் திரும்ப அவிழ்ந்துகொண்டே இருந்தது. எண்ணெய் வைத்த முடி, வழுக்குகிறது என்று நினைத்தேன்.

“மாமா அடிப்பாருன்னு தெரியுமில்ல? அப்பறம் ஏன்க்கா அறுத்த?”

அவள் திரும்பாமலே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். முட்டைத் துணிதானே, இருக்கும் என்று அவள் பதிலை அப்படியே நம்பிக்கொண்டு தூங்கிப்போனேன்.

“நாறுச்சுடா.”