கும்பத்துக்கு முன்னால் ஒரு சோடிச் சப்பாத்து

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. எட்டாவதாக ஒருவனையும் சேர்த்துச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவன் ஜப்பான்காரன், சம்பளத்துக்கு உதைபந்து விளையாடியவன். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற்றில் குடியிருந்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் வாசிப்பேன். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்துத்தான் எனக்குக் குறைவு, ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை.

என் மூத்தவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தான். அங்கே யாரோ சொல்லித்தான் அந்தப் பொடியன் வீடு பார்க்க வந்தான். வந்தவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளியே பார்க்கத் திருப்பி, சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தான். நான் அறையைக் காட்டுவதற்கு முன்னமே சம்மதம் சொல்லிவிட்டேன்.

அவனுடைய கதையை மூத்தவன் இங்கிலீசில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான். முதலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அதன் அணியிலே விளையாடியவனாம். பிறகு அந்த நாட்டில் சம்பள ஆட்டம் தொடங்க, ஒரு அணி அவனை எடுத்தது. பின்வரிசையில் ஆள் விழுந்தால் அவனைப் பின்னுக்கு விட்டார்கள். நடுவில் ஆள் இல்லையென்றால் நடுவில். ஒரு தடவை கோல் காப்பவர் காயப்பட, கையுறை மாட்டிக் கம்பத்துக்கு நடுவிலும் நின்றானாம். எங்கே விட்டாலும் விளையாடுவான் என்று எல்லாருக்கும் புழுகம், தலைகால் தெரியாத சந்தோசம். ஆனால் அந்தந்த இடத்துக்குச் சரியான ஆள் வந்து சேர்ந்ததும் இவன் மைதானத்து ஓரத்து வாங்கில் போய்க் குந்த வேண்டியதுதான். இரண்டு வருடத்தில் விட்டுவிட்டார்கள். அதுக்குப் பிறகுதான் கனடா.

எனக்கு அது புதுக்கதை இல்லை. நான் அப்போது பிஸ்கட் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் இருந்தேன். எனக்கு எல்லா மெசினும் கைவந்தது. அதனாலேயே யார் லீவு போட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு மெசினில் நின்றவர்கள் எல்லாம் சுப்பவைசர் ஆனார்கள். நான் ஓடிக்கொண்டே இருந்தேன்.

இங்கேயும் அவனுக்கு அதே விதிதான். இங்கே அவன் சேர்ந்த அணிக்கு மிசிசாகாப் பக்கம் மைதானம், கோச் ஒரு போர்த்துக்கல்காரர். ஒரு கிழமை முன்னுக்கு, மறு கிழமை நடுவுக்கு. அவனுக்குப் பிடித்த இடம் எது என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்கச் சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, லெப்ற் பேக் என்றான். இடப்பக்கப் பின்காவல். அதை கோச்சுக்குச் சொன்னாயா என்று கேட்டால், தலையைக் குனிந்து சிரித்தான்.

அந்த வருடக் கடைசி ஆட்டம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு கோச் அடுத்த வருடத்துக்கு யார் யார் என்று பெயர் குறிப்பார். இவன் பெயர் இல்லையென்றால் வேலைப் பத்திரம் முடிந்துவிடும், ஜப்பானுக்குத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஆட்டம் எந்த நாள் என்று மட்டும் கேட்காமல் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு ஆயுத பூசை. வெள்ளிக்கிழமை பின்னேரமே கும்பம் வைத்த இடத்தில் பிள்ளைகளின் புத்தகங்கள், என் கத்தரிக்கோல், மூத்தவனின் கார்த்திறப்பு எல்லாம் அடுக்கினேன். அவன் கள்ளன், தந்தது உபரித் திறப்பு, கார் ஓட்டுகிற சாவி அவன் பொக்கற்றிலேயே இருந்தது. பிறகு பேஸ்மென்ற்றுப் படியில் இருந்த பொடியனின் பந்துச் சப்பாத்தைக் கண்டேன். அவனிடம் இருந்ததே அந்த ஒரு சோடிதான். அதுதானே அவனுடைய ஆயுதம்? ஈரத்துணியால் அடியில் இருந்த ஆணி ஆணியாகத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துப் புதுத் துண்டின் மேல் வைத்தேன்.

மருமகளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மாமி, கால்ல போடுறதையோ சாமிக்கு முன்னால வைக்கிறியள்?"

"லொறிக்காரர் ரயருக்குத் தேசிக்காய் வைக்கினம். அது என்ன, தலையில போடுறதோ?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பூசையில் வைத்ததை ஞாயிற்றுக்கிழமை விடியப் பூசை செய்து எடுக்கும் வரைக்கும் தொடக்கூடாது. ஆயுத பூசையன்று யாராவது ஆயுதத்தைத் தொடுவார்களா, ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பொடியன் காலுறையோடு மேலே வந்து நின்றான். மூத்தவன் என்னைப் பார்த்தான்.

"அம்மா, அவன்ரை சப்பாத்து எங்கை? மூண்டு மணிக்கு மட்ச்."

நான் கும்பத்தைக் காட்டினேன். மூத்தவன் தலையில் கை வைத்தான். மருமகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என்ன வழக்கம் என்று மூத்தவன் அவனுக்கு விளங்கப்படுத்தினான். பொடியன் கோபிக்கவில்லை. கும்பத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து சப்பாத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு, இருக்கட்டும், வேறு யாரிடமாவது ஒரு சோடி வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், அளவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றான்.

பிழை என்னுடையது. ஆனாலும் எனக்குக் கோபம் அவன் மேல்தான் வந்தது.

"உதுதான் தம்பி உன்னைப் பிடிச்ச வருத்தம்," என்றேன். "எங்கை விட்டாலும் சரி, எதைத் தந்தாலும் சரி. உனக்கு என்ன வேணும் எண்டு வாயைத் திறந்து சொல்லு."

மூத்தவன் அதை இங்கிலீசில் சொன்னான். பொடியன் எழும்பி நின்றான். பிறகு சப்பாத்தைக் காட்டி, அது என்னுடையது, எனக்கு அது வேண்டும் என்றான்.

"இண்டைக்கு மத்தியானமே எங்கடை வீட்டில விடிஞ்சிட்டுது," என்று சொல்லி நான் தீப்பெட்டியை எடுத்தேன். ஞாயிறு விடியச் செய்ய வேண்டிய பூசையை அப்போதே செய்தேன். சரஸ்வதிக்கு ஏதும் குறையிருந்தால் என்னிடம் கேட்கட்டும். கற்பூரப் புகைக்கு வீட்டு அலாரம் கத்தத் தொடங்க, மருமகள்தான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள். அந்தச் சத்தத்துக்குள் சப்பாத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"அங்கை போய்க் கோச்சிட்டையும் இப்பிடியே கேள்."

நானும் காரில் ஏறினேன். மைதானத்தில் காற்று எலும்புக்குள் போனது. அவன் நேரே போய்க் கோச்சோடு கதைத்தான். கோச் கையை விரித்தார், தலையாட்டினார், கடைசியில் இடப்பக்கம் விரலை நீட்டினார். அவனுடைய அணி ஒரு கோல் பின்னுக்கு நின்றபோது அவனை முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்தினார். அவன் மாட்டேன் என்று கையை ஆட்டியதை என் கண்ணால் கண்டேன். மூத்தவன், "முடிஞ்சுது அம்மா, இனி ஊருக்குத்தான்," என்றான். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தப் பக்கத்தால் பிறகு ஒருத்தரும் பந்து கொண்டுபோகவில்லை. ஆட்டம் தோல்விதான், ஆனால் இன்னொரு கோல் விழவில்லை.

இரண்டு கிழமை கழித்து அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தம், கொன்ராக்ற், வந்தது. அதில் விளையாட்டுக்காரன் என்று மட்டும் அடித்திருந்தது. பொடியன் அதைத் திருப்பிக் கொண்டுபோய் தன் இடத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். கோச் பேனையால் ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அவன் அதை எனக்குத்தான் முதலில் காட்டினான். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த வரி என்று தெரிந்தது, அது மட்டும்தான் நீல மை.

இன்னும் மூன்று வருடம் அதே இடத்தில் விளையாடினான். அவன் அந்தக் கடதாசியைக் காட்டிய அடுத்த திங்கட்கிழமையே நானும் தொழிற்சாலையில் போய் நான்காம் மெசின் என்னுடையது என்றேன். ஓய்வு எடுக்கும் வரைக்கும் அதில்தான் நின்றேன்.

சரி பிள்ளை, இவ்வளவும் எழுதினது காணும். பேனையை வைச்சிட்டு முதல்ல இருந்து வாசி பாப்பம். ஆறுதலாய் வாசி. அவன் கையை ஆட்டின இடத்தை ரெண்டு தரம் வாசி.