மூன்றாவது தாள்

திரிங்காப் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் கவிதா, வேறு வேலைக்குப் போவதற்காகக் கைப்பேசியில் இங்கிலீஷ் பழகுகிறாள். "ஐ எம் அண்டர் த வெதர்" என்று அது சொல்ல, அவளும் சொல்கிறாள். உடம்பு சரியில்லை என்பதற்கு இவ்வளவு அலங்காரம்.

பன்னிரண்டு வயதில் இதே தொடரைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் உட்கார்ந்து நான் எழுதினேன். அம்மாவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லோரி வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனாலும் மனு இங்கிலீஷில்தான் போகவேண்டும். லயத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

முதல் தாளில் மை கொட்டியது. இரண்டாவதில் ஓர் எழுத்துப்பிழை. மூன்றாவதில், பாடப்புத்தகத்தில் படித்த அழகான தொடர்களையெல்லாம் சேர்த்தேன்.

"போதும்மா, குடு. ஆபீஸ மூடிருவாங்க லா," என்று அப்பா வாசலில் தவித்தார்.

"இருங்கப்பா, தப்பா இருந்தா துரை சிரிப்பாரு."

அப்பா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. ஆபீஸ் எழுத்தரான கிராணி தன் வீட்டு வாசலில் நின்றே வாசித்தார்.

"ஒங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதியிருக்கு. துரை டவுனுக்குப் போயிட்டாரு, காலையில கொண்டாங்க."

அம்மா விடியும்வரை இருக்கவில்லை.

பிறகு முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில், பிழையுள்ள மனுக்களைத் திருப்பி அனுப்பி நல்ல பெயர் வாங்கினேன்.

கவிதா விண்ணப்பத்தை நீட்டுகிறாள். "இன்னைக்குத்தான் கடைசி நாளு, ஆன்ட்டி. தப்பு இருந்தா திரும்ப எழுதிடறேன்."

மூன்று பிழைகள் உடனே கண்ணில் பட்டன.

"ஒண்ணுமில்லம்மா. இப்பவே அனுப்பிடு."