மச்சானின் முட்டை சாண்ட்விச்

ஜப்பானுக்குச் சுற்றுலா போய் வந்த என் மனைவியின் தம்பி, மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே தொடங்கினான்.

"அங்க சின்னக் கடையிலயும் முட்டை சாண்ட்விச் பஞ்சு மாதிரி இருக்கும், அத்தான். மீன் வைச்ச சோத்து உருண்டை, சூடான பொரிச்ச கோழி எல்லாம் வாங்கலாம். உங்கட கடையில மனுசர் என்னத்தைத் தின்னுறது?"

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவன் கையில் இருந்ததே, என் மனைவி விடிய எழும்பிச் செய்த மட்டன் ரோல்தான். அதைப் பறித்துக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன்.

"அப்ப அங்கயே போய்த் தின்னு. இனி இஞ்ச வராத."

"அக்கா, அத்தானைப் பாருங்கோ" என்றான்.

என் மனைவி வந்து, அவன் வெளியே போகக் கடைக்கதவைத் திறந்துவிட்டாள். அவன் போன பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.