ஃபேமிலி றூமில் ஒரு கோப்பி

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் கரையோர வீதியில் தேத்தண்ணிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எனக்குத்தான். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துவது என் தொழில். ஒரு நாள் பாலமுனை, ஒரு நாள் அக்கரைப்பற்று, ஒரு நாள் திருக்கோவில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் வீதியைப் பார்த்தபடி ஒரு கதிரை, ஆறாத ஒரு கோப்பி. நிலாவைப் பிடித்தா தரச் சொன்னேன்?

நான் கடைப்படியில் கால் வைத்தால் போதும், முதலாளி பதறி எழும்பிவிடுவார். முன்பக்கம் முழுக்கக் கதிரைகள் காலியாகக் கிடந்தாலும் சரி.

"ராத்தா, உள்ளுக்குப் போங்க. ஃபேமிலி றூம் இரிக்கி."

நான் தனியாக வந்தவள். எந்தக் குடும்பத்தைச் சொல்கிறார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த அறை எப்போதும் கடையின் கடைசியில், கை கழுவும் பேசினுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முன்னால் கால் ஆடிய கதிரைகளெல்லாம் ஓய்வெடுக்க வருவது அங்கேதான். மூலையில் வெங்காய மூட்டை. வாசலில் ஒரு திரை; கை கழுவிய ஆண்களில் பாதிப் பேர் அதில்தான் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் மரியாதையாம். நானும் அபாயா போடுகிறவள்தான், ஐந்து நேரமும் தொழுகிறவள்தான். வெங்காய மூட்டையோடு சேர்ந்து கோப்பி குடி என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதவில்லை.

கோப்பி கேட்டால் அது வேறு கூத்து. எங்கள் பக்கத்தில் கோப்பி என்பது காய்ச்சல்காரருக்கும் சாவு நடந்த மையத்து வீட்டுக்கும் உரிய சாமான். கொண்டுவருகிறவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, தலையிடியா என்று கேட்பார். இல்லை என்றால் சந்தேகத்தோடு போவார், போனவர் என்னை மறந்தேபோவார். கூப்பிடவும் முடியாது. திரைக்குள்ளிருந்து ஒரு பெண் சத்தம் போட்டால் கடையே திரும்பிப் பார்க்கும்.

இப்போது கண்ணாடிக் கடைகள் வந்திருக்கின்றன. கட்டாரிலிருந்து திரும்பிய பொடியன்மார் திறந்தவை. பெண்கள் தாராளமாக இருக்கலாம். சுவர் முழுக்க இங்கிலிஸ், கூரையிலிருந்து ஊஞ்சல், கோப்பி நுரையின் மேல் ஒரு இதயம். பிள்ளைகள் அந்த இதயத்தைப் படம் எடுத்து முடிக்கும்போது கோப்பி குழாய்த்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நானும் ஒன்று வாங்கிக் குடித்துப் பார்த்தேன். இனித்த பால், கோப்பி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் வந்து குவியும் அறுகம்பேயில் இதைவிட மோசம். அங்கே ஒரு பொத்துவில் பொடியன் என்னோடு இங்கிலிஸில் கதைத்தான். மகன், நான் கல்முனை என்று தமிழிலேயே சொன்னேன். யெஸ் மேடம் என்றான். அவனுடைய உம்மா பக்கத்தில் இருந்திருந்தால் அகப்பைக் காம்பால் பதில் சொல்லியிருப்பார்.

திருக்கோவிலில் பஸ் வராத ஒரு பகலில்தான் அந்தக் கடையைக் கண்டேன். தகரக் கூரை, முன்னால் பூவரச மரம், அதன் கீழ் இருக்க இரண்டு மர வாங்கு, ஒரு பிளாஸ்டிக் கதிரை. கடைக்கார அக்காவுக்கு விநாயகபுரம். புருஷன் கடலுக்குப் போகிறவர். கோப்பி என்றேன். தலையிடியா என்று கேட்கவில்லை. சீனியா பனங்கட்டியா என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாங்கில் இருந்த மீன்காரர்கள் என்னை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு வலைக் கதைக்குத் திரும்பிவிட்டார்கள். மரியாதை என்றால் அது. கோப்பியில் இஞ்சி மணத்தது, அடியில் மண்டி படிந்தது, முதல் மிடறிலேயே நாக்குப் பொசுங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தக் கதிரைதான். ஒரு நாள், அக்கா, நீங்களும் இருந்து குடிங்களேன் என்றேன். வேலை கிடக்கு என்று சிரித்துவிட்டுப் போனார். வேலை இல்லாத நேரத்திலும் அடுப்புப் பக்கம் திரும்பி, நின்றபடியேதான் குடிப்பார்.

இந்தக் கடையை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக கேக் வகுப்பு டீச்சரிடம். நான் போகிற ஊர்களுக்கெல்லாம் அவரும் ஆட்டோவில் வந்து ஐசிங்கில் ரோசாப்பூப் போடப் படிப்பிக்கிறவர். என் நிம்மதிக்கென்றே பிறந்த மனிசி. ஆட்டோவில் போனவர் கண்ணில் ஒரு நாள் பட்டுவிட்டேன்.

"என்னகா, றோட்டுல குந்திக்கிட்டு கோப்பி குடிக்கீங்க?"

அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போய்க் குடித்திருக்கிறார். ருசி என்று போனில் புகழ்ந்தார். அதோடு நின்றிருக்கலாம். பெண்களுக்கு ஒரு மறைப்பு இருந்தால் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள் என்று கடைக்கார அக்காவிடம் சொல்லிவிட்டும் வந்தாராம். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

காய்ச்சல் விட்டு நான் போனபோது பூவரசுக்குக் கீழே என் கதிரை இல்லை. கடையின் பக்கவாட்டில் மூன்று பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி, முன்னால் சிவப்பு ரோசாப்பூப் போட்ட கட்டில் விரிப்பு. அக்காவின் முகம் பெருநாள் மாதிரி இருந்தது.

"உங்களுக்குத்தான் டீச்சர். எங்கட அவர் ஒரு நாள் கடலுக்குப் போகாம நின்டு வேலி அடிச்சவர். பேரும் அந்த டீச்சர்தான் சொல்லித் தந்தவ. ஃபேமிலி றூம்."

 கல்முனையிலிருந்து சேர்த்து வைத்த ஏச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் ஒரு மனிசன் கடலை விட்டு நின்று கட்டியதை அவர் மனைவியின் முகத்துக்கு நேரே எப்படி ஏசுவது? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் இருந்தேன். வேலியில் ஒரு பொத்தல்கூட இல்லை. கெட்டிக்கார மனிசன்.

கோப்பி வந்தது. இரண்டு கோப்பை. அக்கா திரையை இழுத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு எனக்கு எதிரே இருந்தார். காலை நீட்டினார்.

"கடை போட்டு இவ்வளவு காலமா நான் இதுல ஒரு நாளும் குந்தி இருந்து குடிச்சதில்ல டீச்சர். ஆம்பிளயள் பாக்க எப்படி இரிக்கிற?"

 வெளியே யாரோ வாங்கைத் தட்டி பிளேன்டி கேட்டார். அக்கா எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோப்பியை ஊதினார், ஒரு மிடறு குடித்தார், பிறகு திரைக்குள் இருந்தபடியே கடை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"பொறுங்க. ஃபேமிலி றூம்ல இரிக்கன்."

வெளியே வாங்கு கிறீச்சிட்டது; பிளேன்டி கேட்டவர் பொறுமையாக அமர்ந்துவிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. என் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் மண்டி தெரியும்வரை எழும்பவில்லை. கேக் டீச்சரிடம் மட்டும் இதைச் சொல்லவே மாட்டேன்.