லக்ஸ் என்றால் ஒளி

கனி டீச்சர் இறந்த செய்தி பள்ளி வாட்ஸப் குழுவில்தான் வந்தது. கீழே வரிசையாக 'ஆர்.ஐ.பி.' விழுந்தது. முதலில் போட்டவர் எங்கள் தாளாளர். அந்த மூன்றெழுத்தும் லத்தீன், 'அமைதியாக இளைப்பாறட்டும்' என்று பொருள் என எங்களுக்குச் சொன்னதே டீச்சர்தான். இருந்தவரை நிம்மதியாக விடாதவர்கள் இப்போது இளைப்பாறச் சொல்கிறார்கள்.

கோவில்பட்டியில் எங்களோடு ஆசிரியர்களாக வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். ஆங்கில அகராதியைப் புரட்டிப் புரட்டியே லத்தீன் வேர்களைப் பிடித்தவர். வகுப்பில் கையை மடக்கிக் காட்டி, "ஏலே, மசில்னா லத்தீன்ல சுண்டெலி. தோலுக்கடியில ஓடுதா பாரு" என்பார். வகுப்பே தன் கையில் எலி தேடும். மதியம் தன் டப்பாவை என் பக்கம் தள்ளி, "கம்பானியன்னா ஒண்ணா ரொட்டி திங்குத ஆளு. நமக்குக் கருவாடு. எடுத்துக்க ஏட்டி" என்பார். ஆசிரியர் அறையில் அந்தக் கருவாட்டை ருசிக்காதவர் குறைவு.

வினை நுழைவாயில் வளைவில் வந்தது. 'அறிவே ஒளி' என்பதை லத்தீனில் கேட்டார் தாளாளர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, ஊருக்கே அண்ணாச்சி. 'சயன்ஷியா எஸ்ட் லக்ஸ்' என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார்.

"என்ன டீச்சர், சோப்பு விளம்பரமா? லத்தீன்னா கடைசியில 'அஸ்' வரணும்லா?"

வளைவில் 'லக்சஸ்' ஏறியது. காலைக் கூட்டத்தில் எல்லோரும் அந்த வரியைச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

"அண்ணாச்சி, லக்சஸ்னா மிதமிஞ்சுன சொகுசு. லக்சரி அதுலேருந்துதான் வந்துச்சு. அறிவே சொகுசுன்னு பிள்ளைக தினமும் சொல்லணுமா? நான் சொல்ல மாட்டேன்."

காலைக் கூட்டத்தில் அந்த வரி வந்தால் டீச்சர் வாயைத் திறக்க மாட்டார். ஆண்டுக் கடைசியில், ஒழுங்கு போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தாளாளர் அறைவரை போய்ச் சத்தம் போட்டேன். கருவாடு தின்ற மற்றவர்கள் குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை, இவர்கள் சேர்க்கவிடவில்லை. வீட்டில் டியூஷன் எடுத்தே காலத்தைத் தள்ளினார்.

இன்று அதே வளைவின் கீழ் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ். 'எங்கள் பள்ளியின் ஒளி' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தலைக்கு நேர் மேலே லக்சஸ்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சொல்தான். காலையில் மௌன அஞ்சலி முடிந்ததும் அந்த வரி வந்தது. எல்லோரும் 'லக்சஸ்' என்றார்கள். மைக்குக்குப் பக்கத்தில் நின்ற நான் உரக்க 'லக்ஸ்' என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தாளாளர் திரும்பிப் பார்த்தார்.

நாளைக்கும் அதைத்தான் சொல்வேன்.