பதினேழாம் பக்கத்துப் பிழை

சென்னியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதுவதில் அர்த்தமில்லை. காந்திபுரத்தில் ஒரு வளையல் கடைக்கு மேல்மாடியில், பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்தவர் அவர். கோபிசெட்டிபாளையத்துக்காரர். கணவர் இல்லை, ஒரே மகள் மோகனப்பிரியா. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. ஆனால் எங்கள் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கிய பாதிப் பேரின் ஆய்வேடுகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே மனுஷி அவர்தான். வழிகாட்டிகள் படித்ததில்லை. எழுதியவர்களே படித்ததில்லை என்றாலும் தப்பில்லை.

1991. அரசியல் அறிவியல் துறை லட்சுமிநாராயணன், விடுதலை பெற்ற இந்தியா உலக அரங்கில் வகித்த பங்கு பற்றிய தன் ஆய்வேட்டை அடிக்கக் கொடுத்தார். சமர்ப்பிக்க இரண்டே நாள். புதிதாக விடுதலை அடைந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பாண்டுங் நகரில் கூடிய மாநாடு பதினேழாம் பக்கத்தில் வந்தது. கையெழுத்துப் பிரதியில் 1955 என்று சரியாகவே இருந்தது. சென்னியம்மாளின் விரல் ஒரு விசை தள்ளி விழுந்ததில் 1956 ஆகிவிட்டது. பைண்டிங் முடிந்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. வெள்ளை மை சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு லட்சுமிநாராயணன் வீட்டுக்கே ஓடினார்.

“சாருங்க, அது அம்பத்தஞ்சுங்க. நாந்தானுங்க ஆறுன்னு அடிச்சுப்போட்டேன். ஒரு நிமிசம் குடுத்தீங்கன்னா திருத்திப்போடறேனுங்க.”

“அட விடுங்க அம்மணி. பதினேழாம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப் போறான்?”

அவர் சொன்னது சரிதான். எவனும் படிக்கவில்லை, காப்பியடித்தார்கள். லட்சுமிநாராயணன் துறைத்தலைவர் ஆனார். அவரிடம் ஆய்வு செய்தவர்கள் வரிசையாக அந்தப் பக்கத்தை அப்படியே தங்கள் ஆய்வேட்டில் இறக்கினார்கள். சென்னியம்மாள் ஒவ்வொருவரிடமும் பிழையைச் சொல்வார். “எச்.ஓ.டி. தீசிஸ்லயே அப்படித்தானுங்க இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஒரு புத்திசாலி, மாநாடு ஏன் 1956இல் நடந்தது என்று யோசித்திருக்கிறான். அந்த வருடம்தான் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே சூயஸில் மூண்ட கோபமே பாண்டுங்கில் வெடித்தது, அந்த வெடிப்பில்தான் இந்தியா உலகத் தலைமைக்கு உயர்ந்தது என்று இருபது பக்கம் தீட்டிவிட்டான். அடுத்த வருடம் நடந்ததை முந்தைய வருடத்து மாநாட்டுக்குக் காரணமாக்கி ஒரு கோட்பாடு! லட்சுமிநாராயணன் அதைத் தன் பெயரில் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

1997இல் சுதந்திரப் பொன்விழாக் கருத்தரங்கு நடந்தது. வாசலில் சந்தனம், மேடையில் பொன்னாடைக் குவியல். டெல்லியிலிருந்தெல்லாம் அறிஞர்கள் வந்திருந்தார்கள். தேநீர் இடைவேளையில் சென்னியம்மாள் மஞ்சள் பையோடு வந்து நின்றார். 1955 என்றிருந்த, ஆறு வருடம் பத்திரப்படுத்திய அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்து நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானுங்களே சார்? வெளியூர்க்காரங்க முன்னாடி தப்பாப் பேசிப்போடாதீங்க. தப்பு என்னுதுதானுங்க, நானே மேடையில வந்து சொல்லட்டுங்களா?”

லட்சுமிநாராயணன் தாளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு அதை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இப்பப் போயித் திருத்துனா இத்தனை பேரு பட்டமும் என்னத்துக்கு ஆகறதுங்க அம்மணி? உங்க பொண்ணும் எங்கிட்டத்தான எம்.ஃபில். பண்ணுது?”

போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வரலாறு சொல்லிக்கொடுக்கிற எனக்கு 1955 தெரியாதா? ஆனால் என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் கிடந்தது. மேடையேறி அவர் சூயஸையும் பாண்டுங்கையும் முழங்கினார். டெல்லி அறிஞர்கள் தலையாட்டினார்கள். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

மோகனப்பிரியா, அம்மா அடித்த தாள்களைப் படித்துப் படித்தே இந்தப் பாடத்துக்கு வந்தவள். தன் ஆய்வேட்டில் அவள் 1955 என்றே எழுதினாள். லட்சுமிநாராயணன் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறையும் அதே வட்டம். வழிகாட்டி கையெழுத்துப் போடாவிட்டால் சமர்ப்பிக்க முடியாது. சமர்ப்பித்தால்தான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் சொல்லிவைத்திருந்த விரிவுரையாளர் வேலை கிடைக்கும். கடைசி நாளுக்கு முந்தின மாலை, என் கட்டுரை ஒன்றை வாங்கப் போனவன் அந்த மாடியில் இருந்தேன்.

“அம்மா, ஆறுன்னே அடிச்சுருங்க. சூயஸையும் சேத்துருங்க.”

“கண்ணு, அது பொய்யின்னு உனக்குத் தெரியுமல்ல?”

“தெரியும்மா. எச்.ஓ.டி.க்கும் தெரியும். இதோ நிக்கறாரே, இந்த சாருக்கும் தெரியும்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சென்னியம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். புதுத் தாளைச் செருகினார். ஒன்று, ஒன்பது, ஐந்து என்று தட்டினார். பிறகு நிதானமாக ஆறைத் தட்டினார். இந்த முறை விரல் தவறவில்லை.