கடையில் நின்ற மகளும் நான் சொன்ன பொய்யும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து சரியாக வராது என்பதுகூடப் பெரிய காரணமில்லை. செய்த காரியம் வெளியே சொல்லக் கூசுகிற காரியம். இன்று காலை அண்ணாமலையாருக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தபோது, எழுதிவிடு என்று மனசு சொன்னது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் சுக்கு காபிக் கடை போடுவோம். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை உள்ளே வீசிவிட்டுக் கடையில் வந்து நிற்பாள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் ரோட்டைத் தாண்டி வரக் கூடாது என்று இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை போட வைத்தவள் அவள்தான். காபி வாங்க ஒரு வழி, குடித்துவிட்டுப் போக ஒரு வழி என்று கயிறு கட்டினாள். "மேகம் கட்டுதும்மா. மழைக்கு முன்னாடி சுத்திடணும்னு கூட்டம் வெரசா வந்துடும், அடுத்த பானையை இப்பவே ஏத்து" என்பாள். சொன்னபடியே வந்து நிற்பார்கள். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் சுக்கு மணமும் அவள் அதட்டலும் சேர்ந்தேதான் வருகின்றன. இப்போது கடையில் நானும் அவள் அப்பாவும் மட்டும்.

மேல்படிப்புக்கு அவள் ஜெர்மனி போனாள். அங்கே ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சி வேலை பார்த்தால்தான் படிப்பு முடியும். அதை அவளேதான் தேடிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டாள். "இன்னைக்கும் இல்லைன்னுட்டாங்கம்மா" என்பதே தினமும் பேச்சு. கடைசியில் ஒரு கம்பெனிக்கு அவளைப் பிடித்துவிட்டது. "விசாரிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. உனக்கு போன் வரும், கேக்கறதுக்கு பதில் சொல்லிடு" என்றாள்.

ரெண்டு நாளில், அந்தக் கம்பெனிக்காக விசாரிக்கிற ஒருவர் சென்னையிலிருந்து பேசினார். "உங்க பொண்ணு உங்க கடையில நாலு வருஷம் வேலை பாத்ததா எழுதியிருக்காங்க. நெஜந்தானுங்களாம்மா?"

ரோட்டோரம் காபி ஊற்றின பெண் என்று தெரிந்தால் அந்த ஊர்க்காரர்கள் மதிப்பார்களா? பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்வதையே சொன்னேன். "இல்லவே இல்லீங்க. ஒரு டம்ளர் கழுவ விட்டதில்ல. படிப்பைத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." நெற்றி நிறைய விபூதியோடு சொன்னேன்.

எழுதியது பொய் என்று சொல்லி அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டாள். பெருமையாகவே சொன்னேன்.

"இன்டர்வியூல அந்தக் கடையைப் பத்திதாம்மா அவ்ளோ நேரம் கேட்டாங்க. கயிறு கட்டுனது, மேசை போட்டது எல்லாம். அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்க."

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அம்மாதான் பொய் சொன்னாள் என்று கம்பெனிக்கு எழுதச் சொன்னேன். எழுதினாள். அதற்குள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுபடியும் விண்ணப்பம் போடத் தொடங்கினாள். என் மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை, கடையை மட்டும் விண்ணப்பத்திலிருந்து எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பயிற்சி நடந்தது. குரலை மாற்றிக்கொண்டு கேட்பாள். "வணக்கங்கம்மா, உங்க பொண்ணு என்ன வேலை செஞ்சாங்க?"

"ரொம்ப அடக்கமான பொண்ணுங்க, வெள்ளிக்கிழமைன்னா கோயிலுக்கு..."

"ம்மா, நான் என்ன மாப்பிள்ளை வீடா? கடையைச் சொல்லு."

ரெண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனிக்காக இன்னொரு போன். இந்த முறை ஒரு அம்மா பேசினார். "ஆமாங்க. ஒம்பதாவதுலேர்ந்து கடையில நின்னா. அவ்ளோ கூட்டத்தையும் கட்டி மேய்ச்சவ அவதான். நாங்க பெரியவங்க ரெண்டு பேரும் அவ சொன்னதைச் செஞ்சோம், அவ்ளோதாங்க" என்றேன். அந்த இடம் கிடைத்தது. படிப்பை முடித்து அங்கேயே வேலையிலும் இருக்கிறாள்.

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைத்திருக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவளாக்க வேண்டாம். பொய் சொன்ன இடத்தை விட்டுவிடாமல் உள்ளபடியே சொல்லுங்கள். தான் உழைத்ததைத் தலைநிமிர்ந்து எழுதி வைத்தாள் ஒருத்தி. வெட்கப்பட்டு அதை இல்லை என்றவள், அவளைப் பெற்றவள்.